வாதாட ஆள் இல்லாத புத்தகம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே நான் சுகம். பல்வலி மட்டும் வேலை நேரம் பார்த்து வந்து போகிறது. அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? உன் இரத்த அழுத்தம் இறங்கியதா, இல்லை பதவி உயர்வோடு சேர்ந்து அதுவும் உயர்ந்துவிட்டதா? போனில் கேட்டால் "சரிக்கா, சரிக்கா" என்று பாதியிலேயே வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி மேஜையிலேயே கிடக்கும். அதனால் எழுதுகிறேன்.

தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. கையெழுத்து இயக்குநருடையது. ஆனால் "மேற்கண்ட பொருள் தொடர்பாக" என்று தொடங்கி, முற்றுப்புள்ளியே இல்லாமல் பக்கத்தின் அடிவரை போகிற மூச்சு உன்னுடையது. ஊழியர் ஊக்கப் பிரிவுக்கு உன்னை அலுவலராகப் போட்டதிலிருந்து, நூலக ஊழியர்கள் நாங்கள் ஊக்கமாக இருக்கிறோமா என்று வாரம் தவறாமல் மிரட்டி விசாரிக்கிறீர்கள்.

எனக்குப் புரிந்தது இவ்வளவுதான். தினமும் காலையில் ஊழியர்கள் எதிரெதிரே நின்று ஒருவரைப் பார்த்து ஒருவர் புன்னகைக்க வேண்டும். ஜூன் முடிவதற்குள் இளையோர் வருகை கூட வேண்டும். கூடாவிட்டால் எங்கள் கிளையின் இளையோர் அறையை மூடி, உங்கள் அலுவலகத்தின் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைப்பீர்கள்.

புன்னகை இன்று தொடங்கியது. எனக்கு எதிரே உதவி நூலகர். பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கொட்டாவி. சிரிக்கத்தான் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் கொட்டாவியாக முடிந்தது. காவலாளி என்னைப் பார்த்து, "எதுக்கு மேடம் சிரிக்கணும்? யாராவது ஏதாவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

இளையோர் வருவதே இல்லை என்று சொல்லிவிட முடியாது. போனுக்குச் சார்ஜ் போட வருகிறார்கள். அறையில் இருக்கிற ஒரே பிளக்கைச் சுற்றி உட்கார்ந்து, சதவீதம் ஏறுவதைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அந்த அறையை நான் மூட விடப் போவதில்லை. எப்படி என்றுதான் இன்னும் தெரியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். அம்மாவின் முழங்கால் நீங்கலாக இங்கு யாவரும் நலம். "முதல்ல அந்தப் பல்லைப் பிடுங்கச் சொல்லு, அப்புறம் அறையைக் காப்பாத்தட்டும்" என்று அம்மா சொல்லச் சொன்னாள்.

சுற்றறிக்கையைக் கிண்டல் செய்வது உனக்கு எளிது. எல்லாக் கிளைகளிலும் கூட்டம் குறைகிறது. மேலிடத்துக்கு ஏதாவது செய்ததாகக் காட்ட வேண்டியிருக்கிறது. புன்னகைக்குச் செலவில்லை என்பதால் நிதிப் பிரிவு ஆட்சேபிக்கவில்லை. தயவுசெய்து ஜூன் வரைக்கும் பொறுமையாக நடந்துகொள். உன் கிளையைப் பற்றி இங்கே பேச்சு வரும்போது எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள்.

இயக்குநர் எழுதிய 'சிரித்தபடி உழைப்போம்' நூலின் பிரதிகளை ஒரு கட்டாக அனுப்பியிருக்கிறோம். எல்லாக் கிளைகளும் வைத்திருப்பது கட்டாயம். நீ படித்துப் பார்த்து அபிப்பிராயம் எழுது. இயக்குநருக்கு அல்ல, எனக்கு. நாலாம் அத்தியாயம் பரவாயில்லாமல் வந்திருப்பதாக இங்கே பேசிக்கொள்கிறார்கள்.

உன் பல் விரைவில் குணமாக வேண்டும்.

தம்பி

*

பிப்ரவரி 16

தம்பிக்கு ஆசிகள்.

பல் போய்விட்டது, நிம்மதி. அம்மாவிடம் சொல். அவள் முழங்காலுக்கும் இதே வைத்தியம் செய்ய முடியாதது வருத்தம்தான்.

அறைக்கு உயிர் வந்துவிட்டது. தையற்காரர் மகள் ஒருத்தி இருக்கிறாள், பள்ளிக்கூடம் முடிக்கப் போகிறவள். சார்ஜ் ஏறுகிற வரைக்கும் பொழுது போகாமல் ஒரு நாவலை எடுத்துப் போயிருக்கிறாள். திருப்பிக் கொடுக்கும்போது என் மேஜையில் டொப்பென்று போட்டாள்.

"இதை யார் மேடம் வாங்கினது?"

"ஏம்மா?"

"நானூறு பக்கம். அந்த ஆளு கடைசி வரைக்கும் மழையில நனைஞ்சுக்கிட்டே இருக்கான். ஒரு குடை வாங்கியிருந்தா நாப்பது பக்கத்துல வீட்டுக்குப் போயிருப்பான்."

பக்கத்து மேஜையில் கண்ணை மூடியிருந்த கொட்டாவி நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்த நாவலை வாங்கிய குழுவில் அவர் இருந்தார். "அது வெறும் மழை இல்ல. குறியீடு" என்றார்.

"அப்ப குறியீட்டுக்கு ஒரு குடை வாங்கட்டும் சார்."

பூட்டுகிற நேரம் வரைக்கும் சண்டை. சத்தம் கேட்டால் "ஷ்ஷ்" என்று சொல்வதற்காகவே சம்பளம் வாங்குகிற காவலாளி, அதை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். மறுநாள் அவள் தன் கூட்டாளிகளைக் கூட்டிவந்தாள். கொட்டாவி நாவலை மறுபடியும் படித்து, பக்கங்களுக்கு நடுவே துண்டுச் சீட்டு வைத்துக்கொண்டு வந்தார். அவர் ஒரு புத்தகத்தைத் திறந்து நான் பார்த்து எத்தனையோ காலமாயிற்று.

இப்போது சனிக்கிழமைதோறும் கண்டனக் கூட்டம். பிள்ளைகள் ஏதாவதொரு புத்தகத்தின் மேல் குற்றம் சாட்டலாம். ஆனால் முழுவதும் படித்திருக்க வேண்டும். ஊழியர்களில் ஒருவர் அந்தப் புத்தகத்துக்காக வாதாட வேண்டும்; அவரும் முழுவதும் படித்திருக்க வேண்டும். கை தூக்கித் தீர்ப்பு. தோற்ற புத்தகம் வாசலில் 'கண்டிக்கப்பட்டவை' என்ற தட்டில் ஒரு வாரம் நிற்க வேண்டும் என்பது தண்டனை. எதுவும் ஒரு நாள்கூட நிற்பதில்லை. அப்படி என்ன மோசம் என்று பார்க்க யாராவது எடுத்துப் போய்விடுகிறார்கள். 

தையற்காரர் மகளுக்கு வக்கீல் என்று பெயர் வந்துவிட்டது. கொட்டாவிக்கும் பெயர் மாறிவிட்டது. இப்போது அவர் தற்காப்பு சார்.

இயக்குநரின் புத்தகக் கட்டு வந்தது. கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பிரதி உதவுகிறது.

அக்கா

*

மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மா நேற்றுத் தெருக்கோடி வரை நடந்தாள். திரும்பி வர ஆட்டோ.

உன் கிளையின் வருகையைப் பார்த்து இயக்குநர் கூட்டத்திலேயே பாராட்டினார். "புன்னகை வேலை செய்கிறது பார்த்தீர்களா" என்றார். நான் மறுக்கவில்லை. நீயும் மறுக்காதே. ஜூன் முடிந்துவிட்டால் உன் அறை தப்பித்துவிடும். அதுவரை யாரையும் சீண்டாதே.

கதவுக்கு வேறு ஏதாவது வைத்தால் நல்லது. புத்தகத்தைப் படித்தாயா என்று நீ எழுதவில்லை.

தம்பி

*

ஏப்ரல் 8

தம்பிக்கு,

நான் நலம். நீ நலமாக உட்கார்ந்துகொண்டு இதைப் படி.

மார்ச் கடைசிச் சனிக்கிழமை வக்கீல் கதவண்டை குனிந்து, முட்டுக்கொடுத்திருந்த புத்தகத்தை உருவினாள். "அடுத்த வாரம் இதுதான்" என்றாள். நான் தடுத்திருக்கலாம். தடுக்கவில்லை. எந்தப் புத்தகத்தின் மேலும் குற்றம் சாட்டலாம் என்பது விதி. இயக்குநர் எழுதியதைத் தவிர என்று அதில் இல்லை.

நேற்று முன்தினம் அறை நிரம்பி, ஜன்னல் விளிம்பிலும் பிள்ளைகள். வக்கீல் முழுவதும் படித்திருந்தாள். பக்கம் சொல்லிச் சொல்லி வாசித்தாள். "புன்னகை என்பது உதடுகள் செய்யும் கடமை." அறை சிரித்தது. "களைப்பு என்பது களைப்பைப் பற்றி நினைப்பதால் வருவதே." காவலாளி எழுந்து நின்று, ராத்திரிக் காவலை எழுதினவர் ஒரு வாரம் பார்க்கட்டும் என்றார். ஊழியர் ஒருவர் இப்படித் தானாக எழுந்து பேசுவதைத்தான் நீங்கள் ஊக்கம் என்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

பிறகு தற்காப்பின் முறை. அவர் எழுந்திருக்கவில்லை.

"என்ன சார், பேசுங்க" என்றாள் வக்கீல்.

"முடியாதும்மா."

"படிக்கலையா?"

"ரெண்டு தடவை படிச்சேன். அதனாலதான் முடியாது. குடை வாங்காதவனுக்காகப் பேசினேன். பேய் வந்து கணக்குப் பாடம் நடத்துமே, அந்தக் கதைக்காகவும் பேசினேன். எனக்கும் மானம் இருக்கு."

நான் பேசியிருக்க வேண்டும்தான். நான் அதைப் படித்திருக்கவில்லை. விதி எனக்கும் பொருந்தும். ஆகவே தீர்ப்புக்குக் கூடப் போகவில்லை. தட்டில் வைத்து, கீழே ஒரு அட்டை: 'வாதாட ஆள் இல்லை.'

ஒரு பக்கம் மட்டும் வக்கீலுக்குப் பிடித்திருந்தது. நாலாம் அத்தியாயத்தில் வருகிறது. அதை மட்டும் கிண்டல் இல்லாமல் வாசித்தாள். "இதை மட்டும் வேற யாரோ எழுதியிருக்காங்க" என்றாள். அதைப் பற்றி நான் இப்போது எதுவும் எழுதப் போவதில்லை.

அம்மாவுக்கு என் அன்பு.

அக்கா

*

மே 18

அக்காவுக்கு,

அம்மா நலம். மற்றவர்களும் அப்படியே. பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை.

தட்டையும் அட்டையையும் யாரோ படம் எடுத்துப் போட்டு, அது இயக்குநரின் போன் வரைக்கும் வந்துவிட்டது. 'வாதாட ஆள் இல்லை' என்ற வரியை அவர் என் மேஜைக்கு வந்து வாசித்துக் காட்டினார். தட்டில் வைத்ததற்குக்கூட அவர் அவ்வளவு வருத்தப்படவில்லை. ஊழியர்களில் ஒருவர்கூட எழுந்திருக்கவில்லை என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

மன்னிப்புக் கடிதத்தின் வரைவு இத்துடன் இருக்கிறது. நீ கையெழுத்துப் போட்டு, கண்டனக் கூட்டத்தை நிறுத்திவிட்டால் விஷயம் முடிந்துவிடும். அறையும் உனக்கு, கிளையும் உனக்கு. இல்லாவிட்டால் உன்னை மாற்றிவிடுவார்கள். அதன் பிறகும் கூட்டம் நடந்தால் அறையை மூடிவிடுவார்கள். வரைவை முடிந்தவரை மென்மையாகத்தான் எழுதியிருக்கிறேன்.

ஒன்று கேட்கலாமா? அறை முழுக்கச் சிரித்ததா, இல்லை ஒரு சிலரா?

தம்பி

*

மே 27

தம்பிக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்குத் தூக்கம் சரியாக இல்லை என்று அம்மா போனில் சொன்னாள்.

உன் வரைவை நான் தனியாக முடிவு செய்வது முறையில்லை என்று சனிக்கிழமை கூட்டத்தில் வைத்தேன். பிள்ளைகள் பென்சிலால் குறித்துத் தந்ததை இத்துடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். "வருந்தத்தக்க சூழ்நிலை ஏற்பட்டமைக்கு" என்ற இடத்தில், "யார் ஏற்படுத்தியது?" "மனம் புண்பட்டிருக்குமாயின்" என்ற இடத்தில், "புண்பட்டதா இல்லையா என்று முதலில் கேட்டுச் சொல்லவும்." கடைசியில் வக்கீலின் கையெழுத்தில்: "நல்ல முயற்சி. எதற்காக மன்னிப்பு என்று சேர்த்து மறுபடி எழுதிவரவும்."

நான் கையெழுத்துப் போடப் போவதில்லை. படித்துவிட்டு அபிப்பிராயம் சொன்னதற்காக அந்தப் பிள்ளைகள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டால், அப்புறம் எந்த முகத்தோடு அவர்களிடம் புத்தகத்தை நீட்டுவது? தற்காப்பும் காவலாளியும் தாங்களும் கையெழுத்துப் போடமாட்டோம் என்றார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவே இல்லை என்றேன். "கேட்டா போடமாட்டோம்னு முன்னாடியே சொல்லி வைக்கிறோம் மேடம்" என்றார் காவலாளி.

இப்போது நாலாம் அத்தியாயம். தொழிற்சாலையில் காலையில் எல்லோரும் வரிசையில் நின்று நிறுவனத்தின் பாட்டைப் பாட வேண்டும் என்று முதலாளி உத்தரவு போடுகிறார். ஒரு தொழிலாளி வருஷக்கணக்காக வாயை மட்டும் அசைக்கிறார், சத்தமே வராமல். வீட்டில் குளிக்கும்போது மட்டும் தெருவே கேட்கப் பாடுகிறார். இயக்குநர் அவரைத் தன் தந்தை என்கிறார். இயக்குநரின் தந்தை அந்தத் தொழிற்சாலையில் என்ன வேலை பார்த்தார் என்று நான் கேட்கப் போவதில்லை. நம் அப்பா பாடிய நம் வீட்டுக் குளியலறைக் கதவு சரியாகச் சாத்தாது என்பதுவரைக்கும் அதில் இருக்கிறது.

கதைக்குக் கீழே, "ஆகவே ஊழியர்களே, அலுவலகத்திலும் உரக்கப் பாடுவோம்" என்று ஒரு நீதி. "கதை சரி, நீதி தப்பு. அந்த ஆளு பாடாம இருந்ததுதானே கதை?" என்றாள் வக்கீல்.

அறை முழுக்கச் சிரித்தது, தம்பி. அந்தப் பக்கத்துக்கு மட்டும் யாரும் சிரிக்கவில்லை. அதைச் சொல்லவே இவ்வளவும்.

அக்கா

*

ஜூன் 21

அக்காவுக்கு,

நலம்.

இடமாற்ற உத்தரவு இத்துடன் இருக்கிறது. நான்தான் தட்டச்சு செய்தேன்; எழுத்துப்பிழை இருக்காது. கிளை தற்காலிகமாக உதவி நூலகரின் பொறுப்பில். கண்டனக் கூட்டத்துக்குத் தடை.

உன்னை எங்கே அனுப்பலாம் என்று என்னிடம் கேட்டார்கள். உறவினர் என்பதால் நான் சொல்லக் கூடாது என்றேன். உறவினர் என்பதால்தான் கேட்கிறோம் என்றார்கள். கழித்துக்கட்டிய புத்தகங்களைப் போட்டு வைக்கிற கிடங்கு என்றேன். அதைவிட மோசமான இடம் இல்லை என்று எல்லோரும் உடனே ஒப்புக்கொண்டார்கள்.

கிடங்கு பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. உன் கிளை வாசலிலிருந்து நேர் பேருந்து உண்டு. உள்ளே பெரிய கூடம். மேற்பார்வைக்கு யாரும் வருவதில்லை. தகவலுக்காக எழுதுகிறேன்.

தம்பி

*

ஜூலை 6

தம்பிக்கு,

தூசியில் தும்மல் தவிர உடம்புக்கு ஒன்றுமில்லை. முகவரி உனக்கே தெரியும், நீ சொன்ன இடம்தானே.

உன் தகவல் கிடைத்தது. எல்லாக் கிளைகளும் வேண்டாமென்று தள்ளிய புத்தகங்கள் இங்கே கூரை வரைக்கும் இருக்கின்றன. இவ்வளவு மோசமான புத்தகங்களை ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை. ஆளுக்கு ஒன்றாகக் குற்றம் சாட்டினாலும் அந்தப் பிள்ளைகளுக்குப் பேரன் பேத்தி வரை தாங்கும். வக்கீல் முதல் நாளே பேருந்தேறி வந்து, சுற்றிப் பார்த்து, மிட்டாய்க் கடையில் விட்ட குழந்தை மாதிரி நின்றாள்.

ஆனால் நான் இங்கே வந்துவிட்டதால் அங்கே ஓய்ந்துவிடும் என்று உன் அலுவலகம் நினைத்தால், தற்காப்பை அவர்களுக்குத் தெரியவில்லை. "கூட்டத்துக்குத்தானே தடை? நான் யாரையும் கூட்டல. சனிக்கிழமை சாயங்காலம் நான் உக்காந்திருப்பேன், எதிர்ல யாராவது உக்காந்தா எழுந்துக்கவா சொல்றது?" என்கிறார். போன வாரமும் அறை நிரம்பியது. காவலாளி வாசலில் நின்று, "இது கூட்டம் இல்ல, உள்ள போங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

இதை உன்னிடம் மறைக்கவில்லை. நீ என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்குப் புதுத் தைலம் அனுப்பியிருக்கிறேன்.

அக்கா

*

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் உன் தும்மலும் நலமா? தைலத்தின் வாசனையால் அம்மாவுக்கு முழங்கால் ஞாபகமே இல்லை.

கூட்டம் நடக்கிறதா என்று நேரில் பார்த்து அறிக்கை தர என்னை அனுப்பினார்கள். "உங்க அக்கா இருந்த இடம், உங்களுக்கு வழி தெரியும்" என்றார்கள். நடப்பதாக நான் எழுதினால் அறை மூடப்படும். நடக்கவில்லை என்று எழுதிவிடலாமென்ற முடிவோடுதான் சனிக்கிழமை போனேன். காவலாளி என்னிடமும் "இது கூட்டம் இல்ல, உள்ள போங்க" என்றார்.

உள்ளே அதே புத்தகம். 'வாதாட ஆள் இல்லை' என்றால் வழக்கு முடியவில்லை, ஆள் வரும்வரை நிலுவைதான் என்று வக்கீல் புதிதாக ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தாள். தற்காப்பு என்னைப் பார்த்தார்.

"தலைமை அலுவலகத்துலேருந்து வந்திருக்கீங்க. உங்க ஊரு புத்தகம். எழுந்திருங்க சார்."

எழுந்துவிட்டேன். எதற்காக என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. பின்னால் கதவு திறந்துதான் இருந்தது.

"முழுசாப் படிச்சிருக்கீங்களா?" என்றாள் வக்கீல்.

"உங்க எல்லாரையும்விடக் கவனமா."

உதடுகள் செய்யும் கடமைக்காகப் பேசினேன். களைப்பைப் பற்றிய வரிக்காகப் பேசினேன். பேசப்பேச எனக்கே கூசியது. நாலாம் அத்தியாயத்துக்கு வந்தாள்.

"அந்த நீதி எதுக்கு சார்?"

"அது இல்லாம இருந்திருக்கலாம்."

"இது வாதம் இல்ல சார், வாக்குமூலம்."

அறை முழுக்கச் சிரித்தது. ஒரு சிலர் அல்ல. கை தூக்கினார்கள். எனக்கு எதிராக எல்லாக் கைகளும். நானும் தூக்கினேன்.

அறிக்கையின் நகல் கீழே. நடக்கவில்லை என்று எழுதவில்லை.

"மேற்படி கிளையில் கூட்டம் நடந்தது. தலைமை அலுவலகத்தின் சார்பில் நான் அதில் பங்கேற்று வாதாடினேன். அலுவலகமே பங்கேற்றதால் இது அலுவலகக் கூட்டம் ஆகிறது. அலுவலகக் கூட்டம் நடந்ததற்காக அறையை மூட விதியில் இடமில்லை. இயக்குநரின் நூலுக்கு வாதாட ஆள் இல்லை என்ற குறை நீங்கியது. நூல் தோற்றது. தீர்ப்பு சரி. ஊழியர் ஊக்கம் இக்கிளையில் கட்டுக்கடங்காமல் உள்ளது."

மூச்சு வாங்குகிற இடத்திலெல்லாம் முற்றுப்புள்ளி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கோப்பில் ஏறிவிட்டது. கோப்பில் ஏறியதை இறக்க அவர்களுக்கு ஒரு குழு வேண்டும். குழு கூடினால் இந்த அறிக்கையைச் சத்தமாக வாசிக்க வேண்டும். இயக்குநர் இன்றுவரை கூட்டவில்லை. என்னிடம் பேசவும் இல்லை. அறை திறந்திருக்கிறது. இரத்த அழுத்தம் ஏறித்தான் இருக்கிறது.

தம்பி

*

ஆகஸ்ட் 4

என் தம்பிக்கு,

உன் உடம்பைப் பற்றி இந்த முறை நான் கவலைப்படவில்லை.

அறிக்கையைக் கிடங்கில் உரக்க வாசித்தேன். கேட்க ஆட்கள் இருந்தார்கள். எல்லாம் சரி. "தீர்ப்பு சரி" என்று எழுதினாயே, அதுதான் தப்பு. வாதாடினவர் எதிர்த் தரப்போடு சேர்ந்து கை தூக்கக் கூடாது. அது எங்கள் விதி. வக்கீல் இதைச் சுட்டிக்காட்டி, உன் கை செல்லாது, வழக்கை மறுபடி விசாரிக்க வேண்டும் என்கிறாள். மறு விசாரணை கிடங்கில். வருகிற சனிக்கிழமை. தற்காப்பு சார் அங்கே அறையைத் திறந்து வைத்துவிட்டு, பாதிப் பேரை இங்கே பேருந்தில் ஏற்றி அனுப்புகிறார். இரண்டு இடத்திலும் நடக்கும். எதைத் தடை செய்வதென்று அவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

அலுவலகத்தில் என்ன காரணம் சொல்லி விடுப்புக் கேட்பாய் என்று அம்மா கவலைப்படுகிறாள். உண்மையைச் சொல்லிக் கேள்.

நாலாம் அத்தியாயத்தை நீதி இல்லாமல் எழுதிக்கொண்டு வா. இந்த முறை அதற்காக நான் வாதாடுகிறேன்.

அக்கா